பிளாஸ்டிக் கார் மாடலுக்கு மொத பெயிண்ட்: ஸ்டார்ட்டர் செட்டா, ஸ்ப்ரே டப்பாவா? 3 கார் அடிச்சுப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பெரிய ஆளெல்லாம் கெடயாது, இதுவரைக்கும் முடிச்சது மொத்தமே 3 கார்தான், மூணும் 1/24 ஸ்கேல், அதாவது நெஜக் கார்ல 24ல ஒரு பங்கு சைஸ், அதுல மொத கார யாருக்கும் காட்டுறதில்ல. ஆனா அந்த மூணுக்குள்ளயே பிரஷ், ஸ்ப்ரே, டெக்கல் (தண்ணியில ஊறவச்சு ஒட்டுற மெல்லிசான ஸ்டிக்கர்), பாலிஷ்னு எல்லாத்துலயும் கைய வச்சு சுட்டுக்கிட்டதால, இப்பதான் ஆரம்பிக்கப் போறவங்களுக்கு எதுல காச போடலாம் எதுல போட வேணாம்னு சொல்ற அளவுக்கு அடி வாங்கியாச்சு. ரிவ்யூ முக்கியமா மாடல் கிட் போடுற டமியா கம்பெனியோட டிஎஸ்ங்கிற ஸ்ப்ரே டப்பாவுக்கும், தேச்சு மினுக்கு ஏத்துற அவங்களோட பாலிஷிங் காம்பவுண்டுங்கிற பசைக்கும்தான். ஆனா அதுக்கு முன்னாடி நான் எங்க ஆரம்பிச்சேன்னு சொன்னாதான் அதோட அருமை புரியும்.

நான் ஆரம்பிச்சது ஒரு ஸ்டார்ட்டர் செட்ல. பேர் சொல்லல, ஏன்னா இந்த மாதிரி செட் எந்த கம்பெனி போட்டாலும் சங்கதி கிட்டத்தட்ட ஒண்ணுதான். உள்ள கார் பாகங்கள், குட்டி குட்டியா 4 அக்ரிலிக் பெயிண்ட், ஒரு பிரஷ், ஒரு பசை. அட்டைப்பெட்டி மேல கார் படம் கண்ணாடி மாதிரி மின்னுது, அதப் பாத்துதான் வாங்குனேன், ஆனா உள்ள இருக்குற சாமான வச்சு அந்த மினுக்கு வரவே வராது. மொத கோட் அடிச்சேன், அடியில பிளாஸ்டிக் தெரிஞ்சுது, சரி ரெண்டாவது கோட் அடிக்கலாம்னு போனா பாதி காஞ்சிருந்த பெயிண்ட பிரஷ் இழுத்துக்கிட்டு வந்துருச்சு, மூணாவது கோட் முடிஞ்சப்ப கார் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வரி வரியா நின்னுச்சு.

அப்புறம் யோசிச்சுப் பாத்தா கணக்கு சிம்பிள். 1/24 ஸ்கேல்ல 0.1 மில்லிமீட்டர் பிரஷ் தடம் இருந்தா, அது நெஜக் கார்ல 2.4 மில்லிமீட்டர் மேடு. அப்படி ஒரு கார ரோட்டுல பாத்தா என்ன நெனப்போம்? டாங்க், பழைய பிளேன் மாடல் பண்றவங்களுக்கு இந்தப் பிரச்சன கம்மி, மினுக்கே இல்லாத மேட் கலரு, மேல தூசி, சேறு, துருன்னு எதையாவது பூசி மறச்சிடலாம். காருக்கு அந்த வசதியே கெடயாது, மினுக்கு ஒண்ணுதான் அதுக்கு அழகு, அது போச்சுன்னா மத்தது எவ்வளவு நல்லா இருந்தாலும் பொம்மதான்.

அந்த செட்ட மொத்தமா திட்டவும் முடியாது. அதுல வந்த மேட் கருப்பு இன்னைக்கு வரைக்கும் டேஷ்போர்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. சீட், இன்ஜின், சஸ்பென்ஷன் மாதிரி சின்ன சாமானுக்கு பிரஷ் போதும். பாடிக்கு மட்டும் பிரஷ்ஷ கையில எடுக்காதீங்க.

இதுக்கு அப்புறம்தான் டிஎஸ் டப்பா வாங்குனேன், வாங்குன கையோட ஒரு முட்டாள்தனம் பண்ணேன். வரி வரியா இருந்த அந்த மொத கார் மேலயே, அக்ரிலிக்க கழுவாமக்கூட, நேரா ஸ்ப்ரேய அடிச்சேன். டிஎஸ்ங்கிறது சிந்தெடிக் லாக்கர்ங்கிற வகை பெயிண்ட், அதுல இருக்குற சால்வென்ட், அதாவது பெயிண்ட கரைக்கிற திரவம், ரொம்ப வீரியம், அடியில இருக்குற அக்ரிலிக்க கடிச்சு தூக்கிருச்சு, 10 நிமிஷத்துல போனட் முழுக்க தண்ணி வத்துன ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிச்சுது. தப்பு டப்பா மேல இல்ல, என் மேலதான். லாக்கர் அடியில, அது நல்லா காஞ்சப்புறம் மேல அக்ரிலிக்கோ எனாமல்ங்கிற இன்னொரு வகை பெயிண்டோ வரலாம், ஒண்ணும் ஆகாது. தலைகீழாப் போட்டா, அதுவும் எனாமல் மேல லாக்கர் போட்டா, சுருங்கி எழுந்துக்கும். இது ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி அழுக மிச்சம். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பாடிய ஒரு ராத்திரி ஊறப்போட்டு பழைய டூத்பிரஷ்ல தேச்சேன், முக்கால்வாசி கழண்டு வந்துச்சு. மிச்சம் இடுக்குல ஒட்டுனது ஒட்டுனதுதான், அதான் யாருக்கும் காட்டுறதில்லன்னு சொன்னேனே அந்தக் கார்.

சரி டப்பாவுக்கு வருவோம். ஒரு டப்பா 100 மில்லி, 1/24 பாடின்னா 2 இல்ல 3 வரைக்கும் அடிக்கலாம்னு கம்பெனியே சொல்லுது, என்ன மாதிரி பழகுறேன் பழகுறேன்னு பிளாஸ்டிக் ஸ்பூன் முதுகுல எல்லாம் அடிச்சுப் பாத்தா ஒண்ணரதான் வரும். வாங்கும்போது மூடியில இருக்குற எழுத்த கவனிக்கணும், கலர மட்டும் பாத்து எடுத்துடாதீங்க. டிஎஸ்னா நம்ம மாடல் பாகமெல்லாம் வர்ற ஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு. பிஎஸ்னு இன்னொரு வரிசை இருக்கு, அது ரிமோட் கார்ல வர்ற பாலிகார்பனேட் பாடிக்கு, உள்பக்கமா அடிக்கிறது, நம்ம மாடலுக்கு ஆகாது. ஏஎஸ் விமானக் கலருங்க. மூணும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஆள ஏமாத்திடும், நானும் ஒரு பிஎஸ் சிவப்ப கையில எடுத்து திரும்ப வச்சவன்தான்.

கலர் விஷயத்துல ஒரு சங்கதி, பாடி எந்தக் கலர் பிளாஸ்டிக்ல வந்திருக்குன்னு பாருங்க. வெள்ளப் பிளாஸ்டிக்னா எந்தக் கலரும் அடிக்கலாம். சிவப்புப் பிளாஸ்டிக்க வெள்ளயாக்கணும்னு ஆசப்பட்டா, பிளாஸ்டிக்ல இருக்குற சாயம் மெதுவா மேல ஊறி வந்து ரோஸ் கலரா நிக்கும். மொத காருக்கு அந்த வம்பு வேணாம். சிவப்போ மஞ்சளோ அடிக்கணும்னா அடியில பிங்க் பிரைமர், அதாவது கலருக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு, போடுங்க, டமியாவுலயே ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர்னு பிங்க்ல வருது, அதுக்கு மேல டிஎஸ்-8 இத்தாலியன் ரெட் அடிச்சா சிவப்பு சும்மா தீயா நிக்குது. அதே சிவப்ப கிரே பிரைமர் மேல அடிச்ச ஸ்பூனும் என்கிட்ட இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சா கிரே மேல அடிச்சது ஒரு மாதிரி மங்கலா, ஜுரம் வந்த மாதிரி இருக்கு.

பிரைமருக்கு முன்னாடி உள்ள வேலய வேகமா சொல்லிடுறேன். பாடிய பாத்திர சோப்பு போட்டு கழுவணும், அச்சுல இருந்து எடுக்குறப்ப ஒட்டுற எண்ணெப்பசை போகணும். அச்சு சேருற எடத்துல, பெரும்பாலும் மட்கார்டு மேலயும் கூரை ஓரத்துலயும், முடி மாதிரி ஒரு கோடு ஓடும், அத வாட்டர் பேப்பர் வச்சு தேச்சு எடுத்தே ஆகணும், பெயிண்ட் மறைச்சிடும்னு நெனச்சா ஏமாந்தீங்க, பெயிண்ட் அத எடுத்துக்காட்டும். பள்ளம் இருந்தா பட்டி பாத்துடுங்க. கதவு, போனட் கோடுங்க மேலோட்டமா இருந்தா ஊசிமுனையால லேசா ஆழப்படுத்திடுங்க, இல்லன்னா 5 கோட்டுக்கு அப்புறம் கதவே காணாமப் போயிடும். பாடிய ஒரு பாட்டில் மேல ரெட்ட டேப் போட்டு கவுத்து வச்சா கைபடாம எல்லாப் பக்கமும் திருப்பி அடிக்கலாம்.

இப்ப அடிக்கிற விஷயம். டப்பாவ வெதுவெதுப்பான தண்ணியில ஒரு 5 நிமிஷம் வைங்க, கை வைக்கிற சூடுதான், கொதிக்கிற தண்ணி இல்ல, அடுப்புப் பக்கம் கொண்டே போகாதீங்க, வெடிச்சுரும். உள்ள அழுத்தம் கொஞ்சம் ஏறி பெயிண்ட் நைஸா பூத்தூறலா வரும். ஒரு நிமிஷத்துக்கு மேல நல்லா குலுக்கணும். ஒரு ஜாண் தூரம். பாடிக்கு வெளிய பட்டன அமுக்கி, பாடிய ஒரே வேகத்துல கடந்து, வெளிய போனப்புறம் விடணும். பாடிக்கு நேரா வச்சு அமுக்குனா மொதல்ல துப்புற சொட்டு அங்கயே விழும். மொத ரெண்டு கோட் தூசி போட்ட மாதிரி லேசா, அடியில பிரைமர் தெரிஞ்சா தெரியட்டும்னு விட்டுடணும். அந்த நேரத்துல பாக்க கேவலமா சொரசொரன்னு இருக்கும், பயப்படாதீங்க.

அதுக்கப்புறம் போடுற ஈரக் கோட்டுலதான் இந்த பெயிண்டோட வித்த தெரியுது. டியூப் லைட் வெளிச்சம் கூரை மேல விழுற எடத்தப் பாத்துக்கிட்டே கொஞ்சம் மெதுவா ஒரு இழுப்பு இழுத்தா, தனித்தனியா இருந்த புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரு தகடா மாறுறது கண்ணு முன்னாடி நடக்கும், பிசிறா இருந்த டியூப் லைட்டோட ஓரம் திடீர்னு நேர்கோடா வந்து நிக்கும். அங்க நிறுத்திடணும். நான் நிறுத்துனேனா? இல்ல, கதவுக்கு இன்னும் ஒரே ஒரு இழுப்புன்னு போனேன், கதவோட கீழ்விளிம்புல மூணு சொட்டு வழிஞ்சு அப்படியே உறஞ்சு நின்னுச்சு. வழிஞ்சத ஈரத்துல தொடக்கூடாது, நல்லா காஞ்சப்புறம் வாட்டர் பேப்பர்ல தேச்சு மறுபடி அடிக்கலாம். தூரமாவோ ரொம்ப வேகமாவோ அடிச்சா இதுக்கு நேர்மாறு, வர்ற வழியிலயே பெயிண்ட் காஞ்சு ஆரஞ்சுத் தோலு மாதிரி ஆயிடும். ரெண்டுல எது தேவலன்னு கேட்டா ஆரஞ்சுத் தோலுதான், அத பாலிஷ்ல சரி பண்ணிக்கலாம்.

ரெண்டாவது கார் கருப்பு, டிஎஸ்-14. அடிச்ச அன்னைக்கு மழ பேஞ்சு விட்டிருந்துச்சு, காத்துல ஒரே ஈரம், நான் கண்டுக்கல. 5 நிமிஷத்துல கருப்பு மேல வெள்ளயா பூத்துருச்சு, சாம்பல் தூவுன மாதிரி. லாக்கர்ல இருக்குற சால்வென்ட் வேகமா ஆவியாகுறப்ப அந்த எடம் சில்லுன்னு ஆகுது, காத்துல இருக்குற ஈரம் அங்க படிஞ்சு பெயிண்டுக்குள்ள மாட்டிக்குது, அதான் விஷயம். நல்லா காஞ்ச ஒரு நாள்ல மேல லேசா இன்னொரு ஈரக் கோட் போட்டதும் பூப்பு போயிடுச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

அதே கார்ல இன்னொரு கூத்து. தொட்டுப் பாத்தேன், காஞ்சுதான் இருந்துச்சு, ஒட்டல, சரின்னு கூரையப் புடிச்சு தூக்கி சேஸிஸ்ல வச்சுப் பாத்தேன். என் கட்டவிரல் ரேகை அழகா, ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி, கூரையில பதிஞ்சு போச்சு. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலைங்கிறது எனக்காகவே சொன்ன பழமொழி. லாக்கர் மேல சீக்கிரம் காஞ்சிடும், உள்ள காய நாள் எடுக்கும். இப்ப நான் நாள் கணக்கு பாக்குறதில்ல, மூக்கு கணக்குதான், பாடிய மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்தா பெயிண்ட் வாசன துளிகூட வரக்கூடாது, வந்துச்சுன்னா இன்னும் காயுதுன்னு அர்த்தம், மறுபடி ஒரு பெட்டிக்குள்ள மூடி வச்சிடுறேன்.

டெக்கல் விஷயத்துலயும், கலருக்கு மேல போடுற நெறமில்லாத கிளியர் கோட் விஷயத்துலயும் கொஞ்சம் உஷாரா இருங்க. டெக்கல் எப்பவும் வழவழப்பான பெயிண்ட் மேலதான் ஒட்டணும், சொரசொரப்புல ஒட்டுனா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி பளபளன்னு ஓரம் தெரியும். ஒட்டி ரெண்டு நாள் விட்டுட்டு மேல கிளியர், என்னோடது டிஎஸ்-13. எந்த லாக்கர் கிளியரா இருந்தாலும் எடுத்த எடுப்புல ஈரமா அடிச்சா டெக்கல் சுருங்கிடலாம். மொதல்ல பட்டும் படாம ரெண்டு மூணு தூசிக் கோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அர மணி நேரம் விட்டு, அது ஒரு தடுப்பு மாதிரி நின்னப்புறம் ஈரக் கோட். இதத் தெரிஞ்சுக்க நான் கொடுத்த வில கருப்பு காரோட கதவு நம்பர், 7 போய் 1 மாதிரி ஆயிடுச்சு. இதுக்கு நடுவுல கம்மியா கெடைக்குதேன்னு வேற ஒரு கம்பெனி கிளியர் டப்பா வாங்கி ஸ்பூன்ல அடிச்சுப் பாத்தேன், பூத்தூறலா வராம எச்சி துப்புற மாதிரி துப்புச்சு, அத சேஸிஸ் அடிப்பக்கத்துக்குன்னு ஒதுக்கிட்டேன்.

இப்ப பாலிஷ். ஆரம்பிக்கிறவங்க முக்காவாசிப் பேரு இத விட்டுடுறாங்க, எனக்கு இந்த ஹாபியிலயே ரொம்பப் புடிச்சது இதான். டமியா காம்பவுண்டு 3 டியூப், சிவப்பு மூடி கோர்ஸ், நீல மூடி ஃபைன், வெள்ள மூடி ஃபினிஷ். அதுக்கு முன்னாடி ஆரஞ்சுத் தோலு இருக்குற எடத்த 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு தேக்கணும், அப்புறம் 3000. தேச்சதும் கார் மேட்டா, வெளுத்துப்போய் இருக்கும், மனசு பகீர்னு ஆகும், அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த மினுக்க நம்மளே அழிச்ச மாதிரி. அப்புறம் ஒரு மெத்துன்னு இருக்குற துணியில பட்டாணி அளவு சிவப்பு டியூப் எடுத்து, விரல் நுனியால வட்டமா, அழுத்தாம. ஒரு 3, 4 நிமிஷத்துல அந்த வெளுப்புக்குள்ள இருந்து கலர் எழுந்து வரும். துணிய மாத்தி நீலம். மறுபடி துணிய மாத்தி வெள்ள. ஒரே துணியில மூணையும் தேச்சா மொத டியூபோட பொடி கடைசி வரைக்கும் கீறிக்கிட்டே இருக்கும்.

மூணாவது கார், சிவப்பு, அதோட போனட்ட வெள்ள டியூப் முடிஞ்சதும் ஜன்னல்கிட்ட கொண்டு போனேன். ஜன்னல் கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியா, வளைவுல லேசா வளைஞ்சு, உள்ள தெரிஞ்சுது. கம்பிக்கு முன்னாடி நான் நின்னு கார புடிச்சிருக்குறதும் தெரிஞ்சுது. அட்டைப்பெட்டி படத்துல பாத்தேனே அந்த மினுக்கு, அது இதுதான்.

உடனே ஓவர் கான்ஃபிடன்ஸ்ல போனட் ஓரத்து மடிப்ப நாலு தேய் கூட தேச்சேன், பிங்க் பிரைமர் எட்டிப் பாத்துருச்சு. கூர்மையான ஓரத்துல பெயிண்ட் எப்பவுமே மெல்லிசாதான் நிக்கும், அங்க தேக்கவே வேணாம், மாஸ்கிங் டேப் ஒட்டி காப்பாத்திக்கிட்டு நடுவுல தேயுங்க, கடைசியா டேப்ப எடுத்துட்டு ஓரத்த வெள்ள டியூப்ல சும்மா தடவி விடுங்க. இன்னொண்ணு, மெட்டாலிக் கலர் அடிச்சா அத நேரடியா பாலிஷ் போடாதீங்க, உள்ள இருக்குற மினுக்குத் துகள் கலஞ்சு திட்டுத் திட்டா ஆயிடும், மேல கிளியர் போட்டு அந்தக் கிளியரத்தான் தேக்கணும். கதவு இடுக்குல காம்பவுண்டு போய் வெள்ளயா காஞ்சு நிக்கும், அத அன்னைக்கே ஈர டூத்பிரஷ்ல எடுத்துடுங்க.

மத்தது சுருக்கமா. மஞ்ச மாஸ்கிங் டேப் நல்ல கம்பெனிதா வாங்குங்க, ஓரம் சுத்தமா நிக்கும், 6 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் இருந்தா போதும். கண்ணாடி சுத்தி வர்ற கருப்பு ரப்பர் பட்டைக்கு செமி கிளாஸ் கருப்பு, அதாவது பாதி மினுக்குற கருப்பு, இத மட்டும் ஒழுங்கா பண்ணிட்டா கார் பொம்ம மாதிரி இருக்குறது பாதி போயிடுது. கதவுக் கோட்டுக்குள்ள ஓட விடுறதுக்கு பேனல் லைன் அக்சென்ட்னு 40 மில்லி பாட்டில் இருக்கு, எனாமல், தொட்டு வச்சா தானா ஓடி நெறையும், சிவப்பு காருக்கு கருப்பு போட்டா கார்ட்டூன் மாதிரி இருக்கும், பிரவுன் போடுங்க. குரோம் ஓரத்துக்கு மோலோட்டோ லிக்விட் குரோம் பேனா, வரைஞ்சதும் நெஜக் குரோம்தான், ஆனா ரெண்டு மூணு நாளைக்கு விரல் படக்கூடாது. கண்ணாடிய சூப்பர் க்ளூவுல ஒட்டாதீங்க, அதோட ஆவி பட்டு கண்ணாடி வெள்ள மூடிடும், மரத்துக்குப் போடுற வெள்ளப் பசை போதும்.

டப்பாவோட கொறையும் சொல்லணும்ல. இந்த டப்பாவுல வர்ற அளவ நம்மளால கொறைக்க முடியாது, பட்டன அமுக்குனா அது வர்ற வேகத்துலதான் வரும். கலர் கலக்க முடியாது, டப்பாவுல என்ன இருக்கோ அதான். பாதி பெயிண்ட் காத்துலயும் நம்ம மேலயும்தான் போகுது. நாத்தம் சாதாரணம் இல்ல, வீட்டுக்குள்ள அடிக்காதீங்க, தூசிக்குப் போடுற துணி மாஸ்க் இதுக்கு ஒண்ணும் செய்யாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர், அதாவது சால்வென்ட் ஆவிய வடிகட்டுற முகமூடி, வேணும். நான் மொத ரெண்டு கார துணி மாஸ்க்லதான் அடிச்சேன், ரெண்டு தடவயும் தலவலி.

பேனா மாதிரி புடிச்சு காத்தழுத்தத்துல பெயிண்ட பீச்சுற ஏர்பிரஷ்ஷே வாங்கிடலாமான்னு கேப்பீங்க. 0.3 மில்லிமீட்டர் நாஸில் ஏர்பிரஷ், கம்ப்ரஸர், தின்னர், ஒவ்வொரு தடவயும் பிரிச்சு கழுவுறதுன்னு அது ஒரு தனி குடும்பம். மொத 3, 4 காருக்கு டப்பாவே போதும், எங்க வழியும் எங்க காயும்னு கை பழகிடும். அப்பவும் ஆச இருந்தா வாங்கிக்கலாம்.

மார்க் போடணும்னா டிஎஸ் டப்பாவுக்கு 5க்கு 4, பாலிஷிங் காம்பவுண்டுக்கு 5க்கு 5, ஸ்டார்ட்டர் செட்டுக்கு அந்த மேட் கருப்புக்காக 2. ஒரே ஒரு தடவதான் காசு செலவு பண்ண முடியும்னா ஒரு பிரைமர், ஒரு கலர், ஒரு கிளியர், மூணு டியூப், ஒரு மாஸ்கிங் டேப், அவ்வளவுதான். ஸ்பூன் ஒரு கட்டு சேத்து வாங்கிக்கோங்க, அத சொல்ல மறந்துட்டேன், ஒவ்வொரு கோட்டையும் மொதல்ல ஸ்பூன் முதுகுல அடிச்சுப் பாருங்க, காரோட வளைவு மாதிரியேதான் இருக்கும்.

நாலாவது கார் இப்ப மஞ்ச கலர்ல பெட்டிக்குள்ள மூடிக் கெடக்கு. கிளியர் போட்டு 6 நாள் ஆச்சு. இத எழுத உக்காரதுக்கு முன்னாடி கூட தெறந்து மோந்து பாத்தேன், லேசா வருது.